முக்கால் லிட்டர்

உக்காருங்க தம்பி. எதுக்கு நிக்கிய? இந்த எடம் சும்மாதான் கெடக்கு. நான் கொஞ்சம் நகந்துக்கிடுதேன். இந்த ஓட்டல்ல பன்னெண்டரைக்கு மேல வந்தா தனி டேபிள் கெடைக்காது, கேட்டியளா. நான் பன்னெண்டு அஞ்சுக்கெல்லாம் வந்திருவேன். முப்பத்தோரு வருசம் பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவன். ஆவுடையப்பன்னு சொன்னா பழைய டிரைவர்மாரு இன்னைக்கும் கடிகாரத்தப் பாப்பாவ. ஒரு நிமிசம் பிந்தி வண்டிய எடுத்தா விடமாட்டேன். ஒரு நிமிசம் முந்தி எடுத்தாலும் விடமாட்டேன்.

ஆமா, அந்த மோர்மொளகாய எதுக்கு எலை ஓரமாத் தள்ளுதிய? அப்பளத்தையும் தள்ளிட்டிய. உப்பு ஆகாதா? பிரசரா? இந்த வயசுலயா? அட பாவமே. சரி சரி, டாக்டர் சொன்னா கேக்கணும். நான் அப்படிக் கேக்குத ஆளுதான். அதுல என்னைய ஒரு பய குறை சொல்ல முடியாது. ஆனா சொல்லிட்டாளே! நான் பெத்த மக சொல்லிட்டா. அதான் தம்பி எனக்கு வயித்தெரிச்சல்.

இருங்க, சாம்பாரக் கூப்பிடாதிய. மொதல்ல பருப்பு, நெய். பொறவு சாம்பாரு. பொறவு வத்தக்கொழம்பு, அது கொஞ்சமா வாங்கணும், ஒரு குழி பறிச்சு அதுல. பொறவுதான் ரசம். மோரு கடைசி. இந்தக் காலத்துப் பிள்ளைய எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஊத்திக் கொழப்பி அடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருதுவ. பாக்கவே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எதுக்கும் ஒரு வரிசை, ஒரு அளவு உண்டும்லா?

அந்தா வாளியத் தூக்கிட்டுப் போறாம்லா, அவன் பேரு பேச்சிமுத்து. இருவது வருசமா எனக்கும் எங்க வீட்டு அம்மைக்கும் அவன்தான் பரிமாறுனான். இப்ப ஆறு மாசமா எனக்கு மொகம் குடுத்துப் பேசமாட்டேங்கான். சோறு வைக்கான், கொழம்பு ஊத்துதான், போயிருதான். 'அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டா'ன்னு ஒரு வார்த்தை கெடையாது. அவனுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? சொல்லுங்க பாப்போம்.

எங்க வீட்டு அம்மை, அதான் எம் பொஞ்சாதி, பேரு பிரமநாயகி. பிரமுன்னுதான் கூப்பிடுவேன். மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் இங்க வந்திருவோம். கலியாணம் ஆன வருசத்துலேருந்து வழக்கம். அந்தா, காத்தாடிக்குக் கீழ சொவரு ஓரமா ஒரு டேபிள் இருக்குல்லா, அதுதான் எங்க எடம். அவ சொவத்துப் பக்கம், நான் இந்தப் பக்கம். எலையப் போட்டு ஒவ்வொண்ணா வைக்க வைக்க, அவளுக்கு மொகமே மாறிரும் பாத்துக்கிடுங்க. சிரிப்பா வரும். 'ஏளா, எதுக்குச் சிரிக்க?'ன்னா, 'ஒண்ணுமில்லங்க, எனக்கு ஒருத்தர் பரிமாறுதாவளேன்னு'ம்பா. வேடிக்கையப் பாருங்க. வீட்டுல அவளுக்கு யாரு பரிமாறாம இருந்தாவ? அவளே எடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டியதுதானே? நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?

கூட்டுல கொஞ்சம் தேங்கா கூடிருந்தாக் கண்டுபிடிச்சிருவா. 'இன்னைக்கு மாஸ்டர் மாறிட்டாவ போலங்க'ம்பா. விசாரிச்சா, மாறித்தான் இருப்பான். அப்பேர்ப்பட்ட நாக்கு.

வீட்டுக்குப் பொறத்தால எங்களுக்கு நாலு சென்ட் தோட்டம். சுண்டை, சீனியவரை, கத்தரி, மொளகா, பந்தல்ல மிதுக்கங்கா. மிதுக்கங்கா தெரியுமா? உங்க ஊர்ப் பக்கம் இருக்காது. கோவக்கா மாதிரி குட்டியா இருக்கும், கசக்கும். அத வத்தலாப் போட்டு எண்ணெயில வறுத்தா, அடடா, ஒரு வத்தலுக்கு ரெண்டு கை சோறு உள்ள போகும். வருசா வருசம் பங்குனி வெயிலு சுள்ளுன்னு அடிக்க ஆரம்பிச்சதும் பிரமு வத்தல் போட எறங்கிருவா. காயக் கீறி, உப்பு போட்ட மோருல ராத்திரி ஊற வைக்கணும். காலையில எடுத்து மொட்டமாடியில காய வைக்கணும். சாய்ங்காலம் திரும்ப அதே மோருல போடணும். இப்படி ஆறு நாளு, ஏழு நாளு. மோரு அம்புட்டையும் காயி குடிச்சுத் தீக்கணும். அதுக்குப் பொறவு கலகலன்னு காஞ்சு கெடக்கும்.

அதுல சூட்சுமம் என்னன்னா, உப்பு. தெனமும் சாய்ங்காலம் உப்பு பாக்கணும். மோர உள்ளங்கையில ஊத்தி நக்கணும், காஞ்ச காயில ஒண்ணக் கடிச்சும் பாக்கணும். கொறஞ்சா பூசணம் பிடிச்சிரும், கூடுனா கரிச்சுப் போகும். ஒரு வருசம் அவளுக்குக் காச்சல்னு நான் பாத்தேன். அந்த வருசத்து வத்தல் அம்புட்டும் மாட்டுத் தொட்டிக்குப் போச்சு. எனக்கு நாக்கு ருசிக்கத்தான் தெரியும் தம்பி, உப்பு பாக்கத் தெரியாது.

ஓட்டலுக்கு வரும்போது சின்னப் பாட்டில்ல வறுத்து எடுத்துட்டு வருவேன். பக்கத்து டேபிளுக்கும் ரெண்டு ரெண்டு குடுப்பேன். 'அண்ணாச்சி, இது எங்க வாங்குனது?'ம்பாவ. 'வாங்குறதா? எங்க வீட்டம்மை போட்டது வே'ம்பேன். அதச் சொல்லும்போது இருக்குத பெருமை இருக்கே, ரிட்டையர்மென்ட் அன்னைக்கு மாலை போட்டாவளே, அன்னைக்குக் கூட எனக்கு வரல.

போன மாசி மாசம் அவளுக்குக் காலு வீங்கிப் பூரிச்சுது. வெரல வச்சு அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்கும். ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். உடனே போனேன், கேட்டியளா, ஒரு நாளு பிந்தல. சின்னப் பொண்ணுதான் டாக்டரு. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, சிறுநீரகம் பாதிக்கு மேல போயிட்டு, இருதயமும் பலமில்லன்னு சொல்லுச்சு. ரெண்டு விசயம் கண்டிப்புன்னுச்சு. உப்பு கூடாது, ஊறுகா அப்பளம் வத்தல் பக்கமே போகக் கூடாது. தண்ணி ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல கூடாது. 'அளவா இருந்தா ரொம்ப வருசம் இருப்பாங்க'ன்னுச்சு.

அளவு! எங்கிட்டயா சொல்லணும்?

வார வழியிலயே மருந்துக் கடையில கோடு போட்ட பிளாஸ்டிக் கப்பு ஒண்ணு வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து அட்டையில டைம் டேபிள் எழுதி அடுக்களைச் சொவத்துல ஒட்டுனேன். காலையில ஆறு, எட்டரை, பதினொண்ணு, ஒண்ணரை, நாலு, ஆறரை, ஒம்பது. வேளைக்கு நூறு மில்லி. ஏழு நூறு எழுநூறு. மாத்திரைக்கு அம்பது. முக்கால் லிட்டர் ஆச்சா? ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு கொறையாது. அலாரம் வச்சு நானே ஊத்திக் குடுப்பேன். எந்தப் புருசன் தம்பி இப்படிப் பாப்பான்? தெருவுல இருக்குத பொம்பளைய எல்லாம், 'பிரமு அக்கா குடுத்து வச்சவ'ன்னுதான் பேசிக்கிட்டாவ.

உப்பா? உப்பும்தான் நிப்பாட்டியாச்சு. அவளுக்கு வேண்டியத அவளே உப்பில்லாமத் தனியா எடுத்து வச்சுக்கிடுவா. என் கொழம்புல உப்பு பாக்கும்போது ஒரு சொட்டு. அது சாப்பிடுறதுல சேருமா? ஆனா ஒண்ணு சொல்லுதேன், உப்ப எப்படி அளக்க? கொழம்புல கரைஞ்சிட்டா கண்ணுக்குத் தெரியுமா? தண்ணி அப்படியில்ல. ஊத்துனா கோட்டுல நிக்கும். அதனால தண்ணியில நான் ரொம்பக் கண்டிப்பா இருந்தேன்.

பங்குனி பொறந்துச்சு. இந்த ஓட்டல் மொதலாளி ஒரு நாளு எங்க டேபிளுக்கே வந்துட்டாவ. 'அண்ணாச்சி, சித்திரைக் கடைசியில ஓட்டலுக்கு அறுபது வருசம். அன்னைக்கு வாரவங்களுக்கு எல்லாம் எலை போட்டு நம்ம செலவுல சாப்பாடு. எரநூறு எலை விழும். ஒவ்வொரு எலையிலயும் உங்க வீட்டு வத்தல் வைக்கணும்னு எனக்கு ஆசை'ன்னாவ. தம்பி, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. எரநூறு எலை! அதுல எங்க வீட்டு வத்தல்! வெலை பேசுனாவ, நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். 'காசெல்லாம் வேண்டாம் மொதலாளி, பிரமு போட்டுத் தருவா'ன்னு அங்ஙன வச்சே வாக்குக் குடுத்துட்டேன்.

அவ எலையப் பாத்துக்கிட்டே இருந்தா. வீட்டுக்குப் போற வழியிலதான், 'என்னங்க, இந்த வருசம் வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னாவல்லா?'ன்னா. 'ஏளா, திங்கக் கூடாதுன்னுதான் சொல்லிருக்கு. போடக் கூடாதுன்னா சொல்லிச்சு?'ன்னேன். அவ முந்தியால மொகத்தத் தொடச்சுக்கிட்டா. பொறவு, 'சரிங்க'ன்னா. அவளா 'சரி'ன்னு சொன்னதுதான் தம்பி. நான் ஒண்ணும் கழுத்தப் பிடிச்சுத் தள்ளல.

பன்னெண்டு பானை. சுண்டை மூணு, சீனியவரை மூணு, மிதுக்கு நாலு, மொளகா ரெண்டு. தோட்டத்துக் காய் பத்தலன்னு சந்தையில வேற வாங்கிப் போட்டேன். தூக்குறது எறக்குறது எல்லாம் நான்தான். மாடிப்படியில அவள ஒரு செம்பு கூடத் தூக்க விடல. சாய்ங்காலம் அவ பைய ஏறி வந்து, ஸ்டூல் போட்டு உக்காந்து, உப்பு மட்டும் பாக்கணும். அம்புட்டுதான் வேலை. பானைக்கு ஒரு நக்கு, ஒரு கடி. நகக்கண் அளவு.

மொத நாளு ஒரு பேச்சு வந்துச்சு. கடிச்சுப் பாத்துட்டு துப்பிரலாமாங்கன்னு கேட்டா. நீங்களே சொல்லுங்க, சாமி காரியம் மாதிரி குளிச்சு முழுகிட்டு வந்து தொடுத பண்டம். அது காயுத எடத்துல எச்சியத் துப்பலாமா? எரநூறு பேரு திங்கப் போறாவ. சரி, கீழ எறங்கிப் போய்த் துப்பிட்டு வாரேன்னா, ஒவ்வொரு பானைக்கும் படி எறங்கி ஏற முடியுமா? மூச்சு வாங்குமே. அது மட்டுமில்ல, துப்புனா வாய் கொப்பளிக்கணும். கொப்பளிக்கத் தண்ணி வேணும். தண்ணி வாய்க்குள்ள போச்சுன்னா முழுங்கிருவா, அவளப் பத்தி எனக்குத் தெரியும்லா. அளவு போயிரும். அதனால, 'முழுங்கிருளா, நகக்கண் அளவு என்ன செஞ்சிரும்'னேன். எவ்வளவு யோசிச்சிருக்கேன் பாருங்க. எல்லாப் பக்கமும் யோசிச்சுத்தான் சொன்னேன்.

அந்த வெயிலுக்கு யாருக்கும் தவிக்கத்தான் செய்யும். நானே ஒரு நாளைக்கு ரெண்டு கொடம் குடிச்சேன். அவ 'தவிக்குங்க, தவிக்குங்க'ன்னு தொடங்கிட்டா. கடிகாரத்தக் காட்டுவேன். 'நாலு மணிக்கு இன்னும் முக்கா மணி இருக்கு, பொறு'ம்பேன். ராமா ராமான்னு சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவா. ஒரு நாளு மத்தியானம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ஆளக் காணல. தோட்டத்துல போய்ப் பாக்கேன், சுண்டைச் செடிக்குக் கீழ குத்த வச்சு, கொழாயத் தொறந்து, வாய அதுல வச்சு மடக்கு மடக்குன்னு குடிக்கா. அறுவத்தி மூணு வயசுப் பொம்பள! எனக்கு வந்துச்சே கோவம். கையப் பிடிச்சுத் தூக்கி, 'சாகணும்னு ஆசையா ஒனக்கு?'ன்னு கேட்டுட்டேன். வாயெல்லாம் மண்ணு. அழுதா. எனக்கும் அழுகை வந்துட்டு, இல்லங்கல. அவ செத்துருவாளோன்னு பயம் தம்பி எனக்கு. அந்தப் பயத்துல தூக்கமே கெடையாது.

அன்னைக்கே தோட்டத்துக் கொழாய்க்கு வால்வ அடைச்சிட்டேன். குடிக்குத தண்ணிப் பானைய என் ரூமுக்குள்ள கொண்டு வச்சுட்டேன். குளிக்கும்போது வாசல்ல நின்னு பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பேன், பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும். வாயில தண்ணி இருந்தா பதில் வராதுல்லா.

சித்திரையில மொத ஞாயித்துக்கிழமை, இங்கயும் கூட்டிட்டு வந்தேன். வேண்டாம்னுதான் சொன்னா. மூச்சு வாங்குதுன்னா. எனக்கு அவ இல்லாம ஒத்தையில உக்காந்து தின்னா சோறு எறங்காது. மாசத்துல ஒரு நாளு, அந்தச் சிரிப்பையாவது பாப்போம்னு ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். பேச்சிமுத்து எலையப் போட்டு, தண்ணி டம்ளர வச்சான். நான் அவ டம்ளர எடுத்து என் பக்கம் கவுத்தி வச்சுட்டேன். 'அம்மைக்குத் தண்ணி?'ன்னான். 'அவளுக்கு ஒண்ணரைக்குத்தான். கப்பு கொண்டாந்திருக்கேன்'னேன். அவன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தான்.

அவ சாம்பார் சாதத்த நாலு வாய் தின்னா. சிரிக்கல. பேச்சிமுத்து நான் கை கழுவப் போன நேரம் பாத்து, கிண்ணத்துல ரசம் கொண்டாந்து குடுத்திருக்கான். திரும்பி வந்து பாத்தா, ரெண்டு கையாலயும் பிடிச்சு அண்ணாந்து குடிக்கா. வெடுக்குன்னு புடுங்கிட்டேன். ரசமும் தண்ணிக் கணக்குதானே? கொஞ்சம் அவ சேலையில கொட்டிட்டு. எல்லாரும் பாத்தாவ. பேச்சிமுத்து, 'அண்ணாச்சி, ஒரு வாய் ரசம்'னான். 'ஒனக்கு என்னல தெரியும்'னு கத்திட்டேன். அதுலேருந்துதான் அவனுக்கு என் மேல வருத்தம். இருந்துட்டுப் போகட்டும். அன்னைக்கு ஒண்ணரைக்குக் குடுக்க வேண்டியதுல அந்த ரசத்தக் கழிச்சு, அம்பது மில்லிதான் குடுத்தேன். எனக்கு மட்டும் ஆசையா?

அறுபதாம் வருசம் வந்துச்சு. வாசல்ல ரெண்டு வாழை மரம், மேளம், ஒரே கூட்டம். எரநூறு எலைன்னாவ, முந்நூறுக்கு மேல விழுந்துச்சு. ஒவ்வொரு எலையிலயும் வலது ஓரமா எங்க வீட்டு மிதுக்கு வத்தல் நாலு, சுண்ட வத்தல் ஒரு சிட்டிகை, மோர்மொளகா ஒண்ணு. பந்திக்குப் பந்தி நான் நடந்து பாத்தேன். யாரும் எலையில மிச்சம் வைக்கல தம்பி. மொதலாளி என்னையக் கூப்பிட்டு, எல்லாரு முன்னாலயும் பொன்னாடை போத்துனாவ. 'இந்த வத்தலுக்குச் சொந்தக்காரங்க இவங்கதான்'னாவ. ஒரே கைதட்டல்.

பிரமு வரல. அன்னைக்குக் காலையிலேருந்தே படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்துதான் இருக்க முடியுதுன்னா. அவளுக்கு ஒரு சாப்பாடு கட்டச் சொல்லி, பொன்னாடையும் சாப்பாடுமா வீட்டுக்குப் போறேன். வாசல்ல செருப்பு கெடக்கு. மக செண்பகம், கோயம்புத்தூருல இருக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கா. அம்மை போன்ல பேசுன பேச்சு கொழறுதுன்னு பயந்து வந்துட்டாளாம்.

உள்ள போனா, பிரமு கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்கா. சேலை முந்தி வாயில இருக்கு. பாத்திரம் கழுவுத எடத்துல தேங்கிக் கெடந்த தண்ணியில முந்திய நனைச்சுக் கொண்டாந்து, சின்னப் பிள்ள மாதிரி சப்பிக்கிட்டு இருந்திருக்கா. செண்பகம் அவ பக்கத்துல தரையில உக்காந்து, அந்த முந்தியவே பாத்துக்கிட்டு இருக்கா. நான் பொன்னாடையக் காட்டி, 'ஏளா பிரமு, பாத்தியா, ஊரே கை தட்டிச்சு'ன்னேன். பிரமு கண்ண மட்டும் தொறந்து பாத்தா. செண்பகம் எந்திரிச்சு நின்னா. சொவத்துல இருந்த டைம் டேபிளக் காட்டி, 'இது என்னப்பா?'ன்னா. சொன்னேன். 'வத்தல் யாரு போட்டது?'ன்னா. 'அம்மைதான். வேற யாருக்கு வரும்?'னேன். 'உப்பு?'ன்னா. 'உப்பு பாக்க மட்டும்தான்மா'ன்னேன். 'எத்தன நாளு?'ன்னா. அவ அம்மை வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தா. நாக்கு வெள்ளையா வெடிச்சுக் கெடந்துச்சு. அத நான் பாக்கல தம்பி. சத்தியமாப் பாக்கல. நாக்க யாரு தெனம் நீட்டச் சொல்லிப் பாப்பா?

மூணு நாளு ஆஸ்பத்திரி. நுரையீரல்ல தண்ணி சேந்துட்டுன்னாவ. பாத்தியளா, தண்ணி! நான் அப்பவே சொன்னேன்லா, அந்தக் கொழாயில குடிச்ச தண்ணிதான் கெடுத்துட்டு. அதே சின்ன டாக்டரு கேட்டுச்சு, உப்பு ஏதும் சேத்தாங்களான்னு. 'உப்பே கெடையாது டாக்டர். தண்ணியும் முக்கால் லிட்டர், ஒரு நாளு தாண்டல'ன்னேன். செண்பகம் குறுக்க விழுந்து, வத்தல் கதையெல்லாம் சொல்லிட்டா. அந்தப் பொண்ணு என்னையப் பாத்துது. பொறவு, 'உப்பு உள்ள போனா தவிக்கும் ஐயா. உடம்பு தண்ணியப் பிடிச்சும் வச்சுக்கிடும். தண்ணிய விட உப்புதான் முக்கியம்னு சொன்னேனே'ன்னு பையச் சொல்லிட்டுப் போயிட்டு. ரெண்டும்தான் சொல்லிச்சு தம்பி. எது முக்கியம்னு சொன்னதா எனக்கு ஞாபகமில்ல.

மூணாம் நாளு மத்தியானம் செண்பகம் மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. நான் மட்டும் இருந்தேன். நர்சு, ரெண்டு மணிக்கு ஒரு முழுங்கு தண்ணி குடுக்கலாம்னு சொல்லிருந்தாவ. ஒண்ணு நாப்பதுக்கு பிரமு கண்ணத் தொறந்தா. என் கைய இறுக்கிப் பிடிச்சா. வாய்தான் அசையுது, சத்தம் வரல. தண்ணின்னுதான் கேக்கான்னு எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருசம் கூட இருந்தவனுக்குத் தெரியாதா? 'பிரமு, இருவது நிமிசம்தான், கண்ண மூடிப் படு, நான் எழுப்புதேன்'னேன். கப்புல அளந்து கையில வச்சுக்கிட்டேன். கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு அடிக்க எட்டு நிமிசம் இருக்கும்போது அவ கை என் கையிலேருந்து நழுவிட்டு. அவ தூங்கிட்டான்னு நெனச்சேன். ரெண்டு மணி வரைக்கும் நின்னு, ரெண்டு மணிக்குத்தான் எழுப்புனேன்.

சொல்லுங்க தம்பி. அந்த இருவது நிமிசத்துக்கு முந்தி குடுத்து ஏதாவது ஆகிருந்தா, அப்பவும் என்னையத்தானே சொல்லிருப்பாவ?

செண்பகம் ஆஸ்பத்திரியில அழவே இல்ல. வீட்டுக்குக் கொண்டாந்தோம். எங்க பக்கத்துல நீர்மாலை எடுக்குறதுன்னு ஒரு சடங்கு. சங்கு ஊதி, கொடத்துல தண்ணி எடுத்துட்டு வந்து, கடைசியாக் குளிப்பாட்டணும். பிரமுவ முத்தத்துல உக்கார வச்சு, நாலு பக்கமும் சேலையப் பிடிச்சு மறைச்சு, பொம்பளைய குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாவ. ஆம்பளைய தள்ளித்தான் நிப்போம். கொடம் கொடமா ஊத்துத சத்தம் கேக்கு. திடீர்னு அந்தச் சேலைய வெலக்கிட்டு செண்பகம் வெளிய வந்தா. தலையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. நெறஞ்ச கொடம் ஒண்ணத் தூக்கி என் கையில குடுத்தா.

'வாங்கப்பா. நீங்களும் ஊத்துங்க. இப்ப ஊத்தலாம். அளக்காம ஊத்துங்க'ன்னா.

தெருவே நிக்கு தம்பி. சம்பந்தகாரவங்க நிக்காவ, டிப்போக்காரனுவ நிக்கானுவ, பேச்சிமுத்து மாலையோட நிக்கான். அத்தன பேரு முன்னால பெத்த தகப்பன அப்படிக் கேக்கலாமா? இருந்தாலும் கொடத்தத் தூக்கிக்கிட்டேன். போனேன். பிரமு தலை சாஞ்சு, வாய் லேசாத் தொறந்து உக்காந்திருந்தா. கொடத்தச் சரிச்சு ஊத்துனேன். தலை வழியா ஓடி, நெத்தி, கன்னம், வாய்க்குள்ளயும் கொஞ்சம் போச்சு.

வாய்க்குள்ள தண்ணி போனதும், கை நின்னுட்டு தம்பி. கொடம் நெறயத் தண்ணி இருக்கு. ஒரு டம்ளர் அளவுதான் ஊத்திருப்பேன், கொடத்த நிமித்திட்டேன். வேணும்னு செய்யல. 'ஊத்துங்க, ஊத்துங்க'ன்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு முடியல. செண்பகம் அந்தக் கொடத்தயும், என் கையையும், என் மூஞ்சியையும் பாத்தா. கொடத்த வாங்கிக்கிட்டா. அன்னைக்குப் போனவதான், இன்னைக்கு வரைக்கும் என் கூட ஒரு வார்த்தை பேசல. போன் போட்டா எடுக்கமாட்டேங்கா.

கை பழகிட்டு தம்பி. ரெண்டு மாசத்துக்கு மேல அதே அளவு ஊத்தி ஊத்திக் கை பழகிட்டு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?